வீட்டு மின்சாரக் கணக்கு: ஸ்மார்ட் பிளக்கை அளவோடு பேச வைப்பது எப்படி?



கடையில் இரவு கல்லாவை எண்ணி, சிட்டையை முடித்த பிறகே நாம் விளக்கை அணைக்கிறோம். ஒரு மூட்டை துவரம் பருப்பில் கால் கிலோ குறைந்தால்கூட எங்கே சிந்தியது, யார் நிறுத்தது என்று விசாரிக்கிறோம். ஆனால் வீட்டுக் கரண்ட் பில் வந்தால் மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் கட்டிவிட்டு வந்துவிடுகிறோம். காரணம், அந்த பில்லில் மொத்த யூனிட்டும் மொத்தத் தொகையும்தான் இருக்கும். எந்தச் சாமான் எவ்வளவு இழுத்தது என்ற விவரம் இருக்காது. சரக்கு வாரியாகப் பிரித்துப் போடாத பில்லை எந்த மொத்த வியாபாரியாவது நம்மிடம் நீட்டினால் வாங்குவோமா?

இந்தக் குறையைத் தீர்க்க இப்போது ஸ்மார்ட் பிளக் என்ற சாதனம் வந்திருக்கிறது. நம் உறுப்பினர்கள் பலர் வாங்கி மாட்டியும் இருக்கிறார்கள். ஆனால் மாட்டியவர்களில் பாதிப் பேர் சில வாரங்களில் அதைப் பார்ப்பதையே விட்டுவிடுகிறார்கள். ஒன்று, அது ஓயாமல் தகவல் அனுப்பித் தொல்லை கொடுக்கிறது. அல்லது, தேவையான நேரத்தில் வாயே திறப்பதில்லை. இரண்டுக்கும் காரணம் பிளக் அல்ல. அதை நாம் அமைத்த விதமே. நம் வீட்டில் இந்த இரண்டு தவறையும் செய்து, ஒன்றில் நல்ல பாடமும் கற்றோம். அதனால்தான் இந்தக் கட்டுரை.

பிளக் என்ன செய்கிறது?

சுவரில் இருக்கும் சாக்கெட்டுக்கும் நம் சாமானின் பிளக்குக்கும் நடுவில் இதைச் செருக வேண்டும். உள்ளே ஒரு சிறிய சுவிட்சும், மின்சாரத்தை அளக்கும் ஒரு சிப்பும், வைஃபை அல்லது ஸிக்பீ முறையில் தகவல் அனுப்பும் கருவியும் இருக்கின்றன. வாங்கும்போது அட்டைப் பெட்டியில் 'பவர் மானிட்டரிங்' அல்லது 'எனர்ஜி மானிட்டரிங்' என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கவும். அது இல்லாத பிளக், போன் மூலம் சாமானைப் போடவும் அணைக்கவும் மட்டுமே உதவும், கணக்குச் சொல்லாது.

வைஃபை பிளக்குகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் இணையும். வீட்டு ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் போட்டிருந்தால் பிளக் அதைக் கண்டுகொள்ளாது. ஸிக்பீ பிளக்குக்கு ரூட்டர் போதாது; ஹப் என்ற தனிப் பெட்டி ஒன்று வேண்டும்.

இனி வாட், யூனிட் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். வாட் என்பது அந்த நிமிடத்தில் கரண்ட் செலவாகும் வேகம். கடையில் இந்த நேரத்தில் எவ்வளவு வேகமாக வியாபாரம் ஓடுகிறது என்பது போல. யூனிட் என்பது இதுவரை சேர்ந்த மொத்தம். கல்லாவில் விழுந்த பணம் போல. 1000 வாட் இஸ்திரிப் பெட்டி முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட். 10 வாட் இழுக்கும் செட்டாப் பாக்ஸை அணைக்காமலே விட்டால் ஒரு நாளைக்கு 0.24 யூனிட், 30 நாளைக்கு 7.2 யூனிட். சிறிய சாமான்தானே என்று விட்டுவிடுவது எப்படிச் சேருகிறது என்று இதிலிருந்து தெரியும்.

நல்ல பிளக் இந்த இரண்டையும் வைத்திருக்கும். வாட் அளவை அப்போதைக்கப்போது சொல்லும். யூனிட் மொத்தத்தைத் தன்னிடமே கூட்டிக்கொண்டு வரும்.

அதிகம் பேசினால் என்ன நஷ்டம்?

நம் தம்பி மகன் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். ஒரு தீபாவளிக்கு வந்தபோது நான்கு பிளக்குகள் வாங்கி வந்து, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி, கீசர் நான்கிலும் மாட்டினான். பழைய சிறிய கம்ப்யூட்டர் ஒன்றில் ஹோம் அசிஸ்டென்ட் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, எல்லாத் தகவலும் அங்கே வந்து சேரும்படி செய்தான்.

"எத்தனை நேரத்துக்கு ஒரு தடவை சொல்லணும் பெரியப்பா?" என்று கேட்டான்.

"சொல்றதுதானே, அடிக்கடி சொல்லட்டும். நொடிக்கு நொடி தெரிஞ்சா நல்லதுதானே" என்று சொல்லிவிட்டோம்.

அங்கேதான் முதல் தவறு. நொடிக்கு ஒரு தகவல் என்றால் ஒரு பிளக்குக்கு ஒரு நாளைக்கு 86,400 தகவல். நான்கு பிளக்குக்கு 3,45,600. அதிலும் வாட், வோல்டேஜ், ஆம்பியர், யூனிட் என்று ஒவ்வொன்றும் தனித்தனி வரியாக எழுதப்படும். கம்ப்யூட்டரில் மெமரி கார்டில்தான் எழுதிக்கொண்டிருந்தது. ஓயாமல் எழுதினால் மெமரி கார்டின் ஆயுள் குறையும். நம் கார்டு சில மாதங்களில் போய்விட்டது. ஸிக்பீ முறையில் இன்னொரு சங்கடமும் உண்டு. அது மெதுவான பாதை. நொடிக்கு 250 கிலோபிட்தான் அதன் உச்ச வேகம், நடைமுறையில் அதிலும் குறைவு. ஒரு பிளக் விடாமல் பேசினால் மற்ற சாதனங்களின் தகவல் காத்து நிற்கும். குறுகலான கடை வீதியில் ஒரு லாரியைக் குறுக்கே நிறுத்தி ஒவ்வொரு மூட்டையாக இறக்கினால் பின்னால் வரும் வண்டிகள் என்ன ஆகும்?

இத்தனை தகவலில் நமக்குப் பயன்பட்டது எவ்வளவு என்று பார்த்தால் மிகக் குறைவு. ஃபிரிட்ஜ் 118 வாட், 117 வாட், 118 வாட், 119 வாட் என்று பக்கம் பக்கமாக ஒரே கதை. கடைப் பையன் ஒவ்வொரு மிளகாய் வத்தலுக்கும் ஓடி வந்து "முதலாளி, ஒன்று போச்சு" என்று சொல்வதைப் போன்றது இது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

குறைவாகப் பேசினால் என்ன ஆபத்து?

தொல்லை தாங்காமல் அடுத்த முறை எதிர்ப் பக்கத்துக்குப் போனோம். பெரிய மாற்றம் இருந்தால் மட்டும் சொல்லு, இல்லாவிட்டால் சும்மா இரு என்று எல்லாப் பிளக்கையும் மாற்றி வைத்தோம். வீடு அமைதியாகிவிட்டது. நாமும் சாதித்துவிட்டதாக நினைத்துக்கொண்டோம்.

ஒரு வைகாசி முகூர்த்தத்தில் திருநெல்வேலிப் பக்கம் உறவினர் கல்யாணம். வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு நாள் போனோம். அங்கிருந்தபடியே போனில் பார்த்தால் ஃபிரிட்ஜ் 118 வாட் என்று காட்டியது. மறுநாள் பார்த்தாலும் 118 வாட். ஓடுகிறது, கவலையில்லை என்று பந்தியில் உட்கார்ந்தோம்.

திரும்பி வந்து கதவைத் திறந்ததும் வாடை அடித்தது. ஃபிரிட்ஜ் அணைந்து கிடந்தது. மாவு, பால், காய்கறி எல்லாம் போயிற்று. அதற்கு நாம் வருத்தப்படவில்லை. வீட்டில் உள்ளவர்களுக்குச் சர்க்கரை வியாதி; இன்சுலின் மருந்து அந்த ஃபிரிட்ஜில்தான் இருந்தது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும் என்பது தெரிந்ததே. மருந்துக் கடைக்காரர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "வெயில் காலம். பூட்டின வீட்டில் இரண்டு நாள் இருந்திருக்கு. இதைப் போடாதீங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டார். அன்று மாலை ஊசி போடும் நேரத்துக்குள் புது மருந்து வாங்கி வந்தோம். நாம் ஒரு நாள் தாமதமாகத் திரும்பியிருந்து, ஃபிரிட்ஜும் தானாக மறுபடி ஓடத் தொடங்கியிருந்தால், கெட்ட மருந்தென்று தெரியாமலே போட்டிருப்பார்கள். அதை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

என்ன நடந்தது என்று தம்பி மகன் விசாரித்துச் சொன்னான். நாம் கிளம்பிய இரவே கரண்ட் போய் வந்திருக்கிறது. கரண்ட் திரும்பியபோது பிளக் அணைந்த நிலையிலேயே நின்றுவிட்டது. அதன் அமைப்பு அப்படி இருந்தது. மறுபடி உயிர் பெற்ற பிளக் பூஜ்யத்தில் தொடங்கிப் பூஜ்யத்திலேயே இருந்தது. மாற்றம் இல்லை; ஆகவே தகவலும் இல்லை. போனில் நாம் பார்த்த 118 வாட், கரண்ட் போவதற்கு முன் வந்த கடைசித் தகவல். முந்தாநாள் சிட்டையைப் பார்த்து இன்றைய இருப்பைச் சொன்ன கதைதான்.

இதிலிருந்து நாம் கற்ற பாடம் ஒன்றே. பிளக் குறைவாகப் பேசலாம். ஆனால் அது மௌனமாக இருக்கும்போது, 'எல்லாம் சரி' என்று மௌனமா, அல்லது செத்துக் கிடக்கிறதா என்பது நமக்குத் தெரிந்தாக வேண்டும்.

மூன்று கட்டளைகள்

பிளக்குக்கு நாம் கொடுக்க வேண்டிய கட்டளைகள் மூன்று. வெளியூர்க் கிளையில் இருக்கும் கணக்குப்பிள்ளைக்குச் சொல்வது போல நினைத்துக்கொண்டால் எளிதில் விளங்கும்.

1. 'இவ்வளவு மாறினால் உடனே சொல்.' இது மாற்ற அளவு. ஃபிரிட்ஜுக்கு 25 வாட் என்று வைத்தால், மோட்டார் ஓடத் தொடங்கும்போதும் நிற்கும்போதும் தகவல் வரும். நடுவில் 117, 118 என்ற சில்லறை ஆட்டம் வராது.

2. 'மாறினாலும் இவ்வளவு நேரத்துக்குள் இரண்டாவது முறை சொல்லாதே.' இது குறைந்தபட்ச இடைவெளி. வாஷிங் மெஷின் போல ஏறி இறங்கும் சாமானுக்கு இது மிக அவசியம்.

3. 'ஒன்றுமே மாறாவிட்டாலும் இவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை இருக்கிறேன் என்று சொல்.' இது அதிகபட்ச இடைவெளி. நாம் விட்டது இதைத்தான்.

ஸிக்பீ பிளக்குகள் பலவற்றில் இந்த மூன்றையுமே தனித்தனியாகக் கொடுக்க இடம் உண்டு. ஒரு எச்சரிக்கை: மாற்ற அளவில் நாம் போடும் எண் வாட்டாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. சில பிளக்கில் அது வாட்டில் பத்தில் ஒரு பங்காக இருக்கும். அதில் 25 வாட் வேண்டுமானால் 250 என்று போட வேண்டும். ஒரு சாமானைப் போட்டு அணைத்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளவும்.

வைஃபை பிளக்குகள் சிலவற்றில் டாஸ்மோட்டா என்ற இலவச மென்பொருள் இருக்கும். அதில் 'டெலிபீரியட்' என்பது வழக்கமான தகவல் இடைவெளி. கம்பெனி அமைப்பில் 300 வினாடி, அதாவது 5 நிமிடம். 10 வினாடி முதல் 3600 வினாடி வரை மாற்றலாம். 'பவர்டெல்டா' என்பது மாற்ற அளவு. இதில் பலர் தவறுவார்கள். 1 முதல் 100 வரை போட்டால் அது சதவீதம். 101க்கு மேல் போட்டால்தான் வாட்; 100ஐக் கழித்துக் கணக்குப் பார்க்க வேண்டும். 101 என்றால் 1 வாட், 125 என்றால் 25 வாட். 25 வாட் என்று நினைத்து 25 போட்டால் 25 சதவீதம் மாறினால்தான் சொல்லும்.

கம்பெனி ஆப்பை மட்டும் நம்பி ஓடும் பல பிளக்குகளில் இவற்றை மாற்ற இடமே இருக்காது. வாங்குமுன் கேட்டு வாங்குவது நல்லது. பல கம்பெனிச் சாதனங்களும் ஒன்றோடொன்று பேசுவதற்கான மேட்டர் என்ற பொது முறையில், 2024 மே மாதம் வந்த 1.3 பதிப்பிலிருந்து மின்சார அளவைச் சொல்லும் வசதியும் சேர்ந்திருக்கிறது.

எந்தச் சாமானுக்கு எவ்வளவு?

நம் வீட்டில் இப்போது இருக்கும் அமைப்பைக் கீழே தருகிறோம். இதுதான் சட்டம் என்பதல்ல. அவரவர் சாமானுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

ஃபிரிட்ஜ்: மாற்ற அளவு 25 வாட். குறைந்தபட்ச இடைவெளி 10 வினாடி. மாறாவிட்டாலும் 5 நிமிடத்துக்கு ஒரு முறை. 5 நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஒரு நாளைக்கு 288 தகவல். மோட்டார் ஓடி நிற்கும் தகவலையும் சேர்த்தாலும் சில நூறுதான். 86,400 எங்கே, இது எங்கே!

வாஷிங் மெஷின்: டிரம் சுற்றும்போதும் நிற்கும்போதும் வாட் தாறுமாறாக ஏறி இறங்கும். மாற்ற அளவு 50 வாட், குறைந்தபட்ச இடைவெளி 60 வினாடி. துவைத்து முடிந்ததா என்று அறிய இது போதும்.

கீசர்: ஒன்று முழுதாக இழுக்கும், அல்லது ஒன்றும் இழுக்காது. மாற்ற அளவு 200 வாட், மாறாவிட்டால் 10 நிமிடத்துக்கு ஒரு முறை.

டிவி, செட்டாப் பாக்ஸ்: மாற்ற அளவு 5 வாட், மாறாவிட்டால் 30 நிமிடத்துக்கு ஒரு முறை. இங்கே உடனே தெரிந்து ஆவது ஒன்றுமில்லை.

வோல்டேஜ்: இதுதான் பெரிய வாயாடி. நம் தெருவில் வோல்டேஜ் நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதை ஒவ்வொரு வோல்ட்டுக்கும் சொல்ல வைத்தால் மற்ற எல்லாத் தகவலையும் விட அதுவே அதிகமாக வரும். ஒரே ஒரு பிளக்கில் மட்டும், 5 வோல்ட் மாறினால் சொல் என்று வைத்துவிட்டு, மற்றவற்றில் நிறுத்திவிட்டோம். ஆம்பியரையும் நிறுத்திவிட்டோம். வாட் இருக்கும்போது அது தேவைப்படுவதில்லை.

யூனிட்: 0.01 யூனிட் சேர்ந்தால் சொல் என்று வைத்தால், ஒரு நாளைக்கு 1.4 யூனிட் இழுக்கும் ஃபிரிட்ஜுக்கு 140 தகவல். 0.1 யூனிட் என்று வைத்தால் 14 தகவல். மாதக் கணக்குக்கு இரண்டாவதே போதும்.

யூனிட் விஷயத்தில் முக்கியமான ஒன்று. சிலர் பிளக் சொல்லும் வாட்டை எடுத்து, நேரத்தால் பெருக்கி, கம்ப்யூட்டரில் யூனிட் போடுகிறார்கள். தகவல் அடிக்கடி வந்தால் இது ஓரளவு சரியாக இருக்கும். தகவலைக் குறைத்துவிட்டால் கணக்கு பிசகும். இரண்டு தகவலுக்கு நடுவில் என்ன நடந்தது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாதல்லவா? பிளக் தானே கூட்டி வைத்திருக்கும் யூனிட்டை வாங்கினால் இந்தக் குறை இல்லை. நடுவில் நூறு தகவல் தவறினாலும், அடுத்த தகவலில் மொத்தம் சரியாக வந்துவிடும். ஆகவே தகவலைக் குறைக்க விரும்புகிறவர்கள் பிளக்கின் சொந்த யூனிட் கணக்கையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

தகவல்களை எத்தனை நாள் வைத்திருப்பது? ஹோம் அசிஸ்டென்டில் நாம் மாற்றாவிட்டால் முழு விவரமும் 10 நாள்தான் இருக்கும். மணி வாரியான சுருக்கம் மட்டும் நிலையாக இருக்கும். நாள்வழி ஏட்டிலிருந்து பேரேட்டுக்கு எடுத்து எழுதிவிட்டால் பழைய துண்டுச் சீட்டுகளைக் கிழித்துப் போடுகிறோமே, அதே முறைதான். இதை மாற்ற வேண்டிய அவசியமில்லை.

மௌனத்துக்கு மணி அடிக்கட்டும்

ஃபிரிட்ஜுக்கு நாம் இரண்டு எச்சரிக்கை வைத்திருக்கிறோம். 5 நிமிடத்துக்கு ஒரு முறை வர வேண்டிய தகவல் 15 நிமிடமாக வராவிட்டால் போனில் மணி அடிக்கும். ஒரு தகவல் தவறுவது சகஜம். மூன்று தொடர்ந்து தவறினால் கவனிக்க வேண்டும். இரண்டாவது, 2 மணி நேரமாக 50 வாட்டுக்கு மேல் ஒரு முறைகூட ஏறாவிட்டாலும் மணி அடிக்கும். ஃபிரிட்ஜ் மோட்டார் இடையிடையே நின்று ஓடுவது இயல்பு. பூஜ்யம் வந்தவுடன் அலறினால் நாள் முழுவதும் அலறிக்கொண்டிருக்கும். எவ்வளவு நேரம் பூஜ்யம் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த மணி அடிக்க வேண்டுமானால், கரண்ட் இல்லாத நேரத்திலும் ரூட்டரும் கம்ப்யூட்டரும் உயிரோடு இருக்க வேண்டும். இரண்டையும் இன்வெர்ட்டர் லைனில் மாட்டிவிட்டோம்.

கரண்ட் போய் வந்தால் பிளக் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதும் அமைப்பில் உண்டு. மூன்று வழி கொடுப்பார்கள்: 'போட்ட நிலை', 'அணைந்த நிலை', 'முன்பிருந்த நிலை'. ஃபிரிட்ஜுக்கு எப்போதும் 'போட்ட நிலை' என்றே இருக்க வேண்டும். இஸ்திரிப் பெட்டிக்கு 'அணைந்த நிலை' என்று வைக்க வேண்டும்; ஆள் இல்லாத நேரத்தில் தானாகச் சூடேறக் கூடாது. அமைத்த பின் சுவர் சுவிட்சை அணைத்துப் போட்டு நேரில் சோதிக்கவும். நாம் அன்றே இதைச் சோதித்திருந்தால் கல்யாண வீட்டுக் கதை நடந்தே இருக்காது. ஆப்பில் தவறி விரல் பட்டு ஃபிரிட்ஜ் அணைந்துவிடாதபடி, ஃபிரிட்ஜின் சுவிட்ச் படத்தையும் போனின் முகப்பிலிருந்து எடுத்துவிட்டோம்.

எடைக்கல்லைச் சோதிப்பது போல

தராசை முத்திரையிடாமல் நாம் வியாபாரம் செய்வதில்லை. பிளக்குக்கு அப்படி முத்திரை இல்லை. அது சட்டப்படியான மீட்டரும் அல்ல. அதன் கணக்கை வைத்துக் குடித்தனக்காரரிடம் பணம் கேட்பது முறையல்ல. ஆனால் நாமே சரிபார்க்கலாம்.

வீட்டு மின்சார மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு கண் சிமிட்டும். பழைய மீட்டரில் தட்டு சுற்றுவதை எண்ணினோமே, அதற்குப் பதில் இது. ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை சிமிட்டும் என்று மீட்டரின் முகப்பிலேயே எழுதியிருக்கும். 3200 என்று எழுதியிருந்தால், வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, 1000 வாட் இஸ்திரிப் பெட்டியை மட்டும் பிளக் வழியாகப் போடவும். சூடேறும் நேரத்தில் 10 இடைவெளிக்கு, அதாவது முதல் சிமிட்டல் முதல் பதினொன்றாவது சிமிட்டல் வரை, சுமார் 11 வினாடி ஆக வேண்டும். இதே 3200 மீட்டருக்கு எளிய கணக்கு: 1125ஐ ஒரு சிமிட்டலுக்கும் அடுத்ததற்கும் ஆகும் வினாடியால் வகுத்தால் வாட் கிடைக்கும். 9 வினாடிக்கு ஒரு முறை சிமிட்டினால் 125 வாட். பிளக் சொல்வதும் இதுவும் ஏறக்குறைய ஒத்திருந்தால் நம்பலாம். பெரிய வித்தியாசம் இருந்தால், திருத்தும் வசதியுள்ள பிளக்கில் திருத்திக்கொள்ளலாம். போன் சார்ஜர் போல 1, 2 வாட் சாமான்களில் பிளக்கின் அளவை நம்ப வேண்டாம். அவ்வளவு சிறிய அளவை அவற்றில் பல சரியாக அளப்பதில்லை.

கிடைத்த லாபம் என்ன?

வியாபாரி இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க மாட்டார். நம் ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு 2.1 யூனிட் இழுத்தது. முன்பு 15 நிமிடத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்த்த நாட்களில் 118 அல்லது பூஜ்யம் என்றுதான் தெரிந்தது, காரணம் தெரியவில்லை. மாறும்போது சொல் என்று அமைத்த பிறகு, மோட்டார் எப்போது தொடங்கி எப்போது நிற்கிறது என்பது துல்லியமாகத் தெரிந்தது. ஒரு மணி நேரத்தில் 45 நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது. மெக்கானிக்கை அழைத்தோம். அவர் ஒரு துண்டுக் காகிதத்தைக் கதவில் வைத்து மூடி இழுத்தார். காகிதம் சுலபமாக வந்துவிட்டது. கதவு ரப்பர் தளர்ந்திருந்தது. ரப்பரை மாற்றிய பிறகு மணிக்கு 30 நிமிடம்தான் ஓடுகிறது. 2.1 யூனிட் 1.4 ஆயிற்று. 60 நாளைக்கு 42 யூனிட் மிச்சம். படிப்படியாக விலை ஏறும் கட்டண முறையில், மிச்சமாகும் யூனிட் மேல் படியிலிருந்து குறையும் என்பதையும் நினைவில் கொள்ளவும்.

பிளக்கும் தனக்கென்று கொஞ்சம் இழுக்கும். 1 வாட் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்குச் சுமார் 8.8 யூனிட். ஆகவே வீட்டில் உள்ள ஒவ்வொரு சாக்கெட்டிலும் மாட்டுவது வீண். சிறிய சாமான்களை ஒரு வாரம் அளந்துவிட்டுக் கழற்றி, அடுத்த சாமானுக்கு மாற்றவும். நிலையாக மாட்ட வேண்டியது ஃபிரிட்ஜ் போன்ற ஒன்றிரண்டுக்குத்தான்.

கவனிக்க வேண்டியவை

பிளக்கில் எழுதியிருக்கும் ஆம்பியரைப் பார்த்து வாங்கவும். 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் என்றால் 1380 வாட், 10 ஆம்பியர் என்றால் 2300 வாட், 16 ஆம்பியர் என்றால் 3680 வாட். 2000 வாட் கீசருக்கும் ஏ.சி.க்கும் 16 ஆம்பியர் பிளக்தான் சரி. போர்வெல் மோட்டாரை இந்தப் பிளக்கில் மாட்டவே வேண்டாம். தொடங்கும்போது அது இழுக்கும் இழுப்பில் உள்ளே இருக்கும் சிறிய சுவிட்ச் ஒட்டிக்கொண்டுவிடும். மாட்டிய அரை மணி கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பார்க்கவும். கை பொறுக்காத சூடு இருந்தால் உடனே கழற்றிவிட்டு எலக்ட்ரீஷியனிடம் சாக்கெட்டைக் காட்டவும்.

பால், தயிர், ஐஸ்கிரீம் வைத்து விற்கும் நம் மளிகைக் கடை நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. இரவு ஒன்பது மணிக்குக் கடையைப் பூட்டினால் காலை வரை டீப் ஃப்ரீசர் என்ன ஆயிற்று என்று நமக்குத் தெரியாது. வீட்டு ஃபிரிட்ஜுக்குச் சொன்ன அதே அமைப்பு அதற்கும் பொருந்தும். ஆனால் பெட்டியின் பின்னால் எழுதியிருக்கும் வாட், ஆம்பியர் இரண்டையும் பார்த்த பிறகே மாட்டவும்.

கணக்குப்பிள்ளையை வேலைக்கு வைக்கும்போது, ஓயாமல் பேசுகிறவரையும் வைக்க மாட்டோம். கேட்டாலும் வாய் திறக்காதவரையும் வைக்க மாட்டோம். மாறினால் சொல்பவராக, மாறாவிட்டாலும் நேரத்துக்கு ஒரு முறை தலையைக் காட்டுபவராக இருந்தால்தான் சாவியைக் கொடுப்போம். பிளக்குக்கும் அதே அளவுகோல்தான். மாட்டியிருப்பவர்கள் இன்றிரவே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஃபிரிட்ஜ் பிளக்கின் சுவர் சுவிட்சை 20 நிமிடம் அணைத்து வையுங்கள். போன் உங்களுக்குச் சொல்கிறதா? பிறகு சுவிட்சைப் போடுங்கள். ஃபிரிட்ஜ் தானாக ஓடுகிறதா? இரண்டுக்கும் ஆம் என்று பதில் வந்தால் நிம்மதியாக வெளியூர்க் கல்யாணத்துக்குப் போய் வரலாம்.